சாரங்காவுக்குப் பரிசு கொண்டுவந்தவர்கள்

இத்தாலியின் பலெர்மோவில் செத்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நவம்பர் இரண்டாம் தேதி விடிவதற்குள் அவரவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் இனிப்பும் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால் என்று ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். விடிந்ததும் பிள்ளைகள் வீடு முழுக்கத் தேடுவார்கள். இது தாத்தா கொண்டுவந்தது, இது பெரிய மாமி கொண்டுவந்தது என்று தாய்மார் சொல்லுவார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்திராத மாமிகூடச் செத்தபிறகு பொம்மைக் கார் கொண்டுவருவாள். அதில் யாரும் குற்றம் பிடிப்பதில்லை.

நிசாந்திக்கு இந்தப் பழக்கம் முதலில் பிடிபடவில்லை. 2012இல் நாலு வயது மகளோடு முல்லைத்தீவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிவீட்டில் சினோரா கார்மேலாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிலானோவிலிருந்து வரப்போகும் பேரனுக்காகச் சினோரா வாங்கிய சாமான்கள் செத்துப்போன கணவனின் படத்துக்குக் கீழே ஒரு தட்டில் இருந்தன. பாதாம் மாவில் செய்த மாம்பழமும் அத்திப்பழமும், சீனியில் வார்த்த ஒரு குதிரைவீரன். படமும் பழமும் சேர்ந்திருந்தால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? படையல் என்று நினைத்து நிசாந்தி ஊதுபத்தி கொளுத்தினாள். ஒரு அத்திப்பழத்தையும் குதிரையின் தலையையும் உடைத்துக் காகத்துக்கென்று பல்கனியில் வைத்தாள். காகம் வரவில்லை, புறாக்கள் வந்து தின்றன. தலையில்லாத குதிரையைக் கண்ட சினோரா முதலில் கத்தினாள். பிறகு விளக்கம் கேட்டு, கட்டுப்பல் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். ஊரில் நாங்கள் செத்தவர்களுக்குக் கொடுக்கிறோம், இங்கே செத்தவர்கள் எங்களுக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நிசாந்தி அன்றைக்கு விளங்கிக்கொண்டாள்.

அது சிரிப்புக் கதை. 2016 அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை சாரங்கா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கதை அப்படிப்பட்டதல்ல.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில், மூன்றாம் மாடியில் ஒரு அறையும் குசினியும். நிசாந்தி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமலே மகள் வந்து முன்னால் நின்றாள்.

"அம்மா, எங்கடை மோர்த்தி ஆர்?"

மோர்த்தி என்றால் செத்தவர்கள். நிசாந்தியின் கை நின்றது.

"ஏன் கேக்கிறாய்?"

"மாயெஸ்த்ரா எழுதிக்கொண்டு வரச் சொன்னவ. என்ன கிடைச்சது, ஆர் கொண்டுவந்தது எண்டு. வியாழக்கிழமை வகுப்பிலை எழும்பி நிண்டு வாசிக்கவேணும்."

"அது இத்தாலி ஆக்களுக்கு."

"எப்பவும் இதைத்தான் சொல்லுறீங்கள். றொனி தமிழ்தானே? அவனுக்கு இராயப்புத் தாத்தா போன வருசம் பந்து கொண்டுவந்தவர்."

றொனி வீட்டார் மன்னார்க் கத்தோலிக்கர். இரண்டு வருடமாகக் கைகொடுத்த சாட்டு அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. சாரங்கா விடுவதாக இல்லை. குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா கொண்டுவருவாரோ?"

"அப்பா சாகேல்லை."

"அப்ப எங்கை?"

"தேடுகினம். வருவார்."

எட்டு வயதுப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு திருவலையைப் பார்த்தது. கூடாத பிள்ளைகளின் உள்ளங்காலைச் செத்தவர்கள் திருவலையால் உரசிவிட்டுப் போவார்களாம், அதனால் அதை ஒளித்து வைக்கவேண்டுமாம். "எங்கடை திருவலை பெரிசு, அம்மா. வடிவா ஒளிச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாரங்கா கை கழுவப் போனாள்.

சாரங்காவின் அப்பா சுகேந்திரன் இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் வாகனம் ஓட்டியவன். 2009 மே பதினெட்டில், வட்டுவாகல் பாலம் கடந்தபிறகு, ஒருநாள் மட்டுமே இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதிந்துவிட்டு வாறன் என்று போனான். பதினொரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிசாந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் கையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவள் ஏறாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. செத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை குலேந்திரன் வந்தார். சுகேந்திரனின் தமையன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை, கல்யாணம் கட்டாத தனிக்கட்டை. நிசாந்தியையும் பிள்ளையையும் இங்கே எடுப்பித்தவர் அவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொதி மீனோடு வருவார். அன்றைக்கு மீனோடு ஒரு கடித உறையும் வந்தது. சாரங்கா கீழே விளையாடப் போகும்வரை காத்திருந்துவிட்டு உறையை மேசையில் வைத்தார்.

"பிள்ளையின்ரை பாஸ்போட் தை மாசத்தோடை முடியுது. தேப்பன் கையெழுத்து வைக்கவேணும், இல்லையெண்டால் மரணச் சான்றிதழ் காட்டவேணும். ஊரிலை கிராமசேவகரோடை கதைச்சிட்டன். நீ ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

நிசாந்தி உறையைத் தொடவில்லை.

"ஏழு வருசம், பிள்ளை" என்றார் குலேந்திரன். "சாரங்காவும் வளருது. எத்தினை நாளைக்குத் தேடுகினம், வருவார் எண்டு சொல்லப்போறாய்? எனக்கு ஒரு யோசினை. புதன்கிழமை எல்லாப் பிள்ளையளுக்கும் செத்த ஆக்கள் சாமான் கொண்டு வருகினம்தானே. தேப்பன்ரை பேரிலை ஒரு நல்ல சாமான் குடுப்பம். பிள்ளைக்குத் தானா விளங்கும். இந்த ஊர்ச்சனம் சாவைக்கூட விளையாட்டுச் சாமானோடைதான் பிள்ளையளுக்குச் சொல்லுது. எனக்கு அது பிடிச்சிருக்கு."

அந்த இடத்தில் நிசாந்தி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கணவனின் தமையன், கூப்பிட்டு எடுத்தவர், இந்த நாலு வருடத்தில் ஒருநாளும் முகத்தை முறித்துப் பேசாதவர். அவருக்கு முன்னால் மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள். நம் ஆட்களிடத்தில் இது ஒரு பொல்லாத வியாதி. மூத்தவர்களுக்கு முன்னால் இளையவர்கள் பேசாமல் இருப்பார்கள், பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று மூத்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். குலேந்திரன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

திங்கட்கிழமை சினோராவின் வீட்டில் நிசாந்திக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் குலேந்திரன் சொன்னது அவளுக்கே பாதி சரியாகப் பட்டது. காலைக் கோப்பியைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டாள்.

"சினோரா, செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத ஆட்கள் வருவார்களா? சாமான் கொண்டுவருவார்களா?"

சினோரா கார்மேலாவுக்கு எழுபத்தொன்பது வயது. கோப்பை வாயருகில் நின்றது. "உன் கணவர் ஊரில் இருக்கிறார் என்றுதானே சொன்னாய்?"

"எங்கே என்று தெரியாது."

"திஸ்பெர்சோ" என்றாள் சினோரா. காணாமல் போனவன் என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில், வெகுநாள் வீட்டில் வைத்திருந்த சொல் என்று நிசாந்திக்குத் தெரிந்தது. "அலுமாரிக்கு மேலே இருக்கிற பெட்டியை இறக்கு."

நாலு வருடமாக ஒவ்வொரு கிழமையும் நிசாந்தி தூசி தட்டிய பெட்டி அது. திறக்கக்கூடாது என்பது முதல்நாளே போட்ட சட்டம். இறக்கி மேசையில் வைத்தாள். சினோரா தானே மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பொம்மை. நீலச் சட்டை, களிமண் முகம், தலைமயிர் கலையாமல் அப்படியே. மணிக்கட்டில் நூலால் கட்டிய சின்னக் கடதாசியில் மங்கிப்போன மையில் 'உன் அப்பா' என்று எழுதியிருந்தது.

"எனக்கு ஐந்து வயதில் அப்பாவை ருஷ்யச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். பனிக்குள் நடந்துபோனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு கண்டவர்கள் இல்லை. ஒவ்வொரு வருடமும் என் தாத்தா சாமான் கொண்டுவருவார், பேபினா மாமி கொண்டுவருவாள். அப்பா கொண்டுவர மாட்டார். ஒன்பது வயதில் இதைக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடு என்று பாதிரியார் அம்மாவுக்குச் சொன்னாராம்."

"விளையாடவில்லையா?"

"தொடவே இல்லை. தொட்டால் அவர் செத்தது உண்மையாகிவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மாவோடு பேசவும் இல்லை."

"பிறகு அப்பா வந்தாரா?"

"இல்லை. ஒருநாளும் வரவில்லை. அம்மா சொன்னதுதான் சரி." சினோரா மூடியைப் போட்டாள். "சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. பெட்டியை ஏற்றி வை, கோப்பி ஆறிவிட்டது, வேறு போடு."

நிசாந்தி பெட்டியை ஏற்றி வைத்தாள். இறங்கும்போது அவளுக்கு முடிவு வந்துவிட்டது. சுகேந்திரன் எதையும் கொண்டுவரப் போவதில்லை. ஆனால் பிள்ளை வெறுங்கையோடு வகுப்பில் எழும்பி நிற்கவும் போவதில்லை. செத்தவர்களுக்கா அவளிடம் பஞ்சம்?

வேலை முடிந்ததும் செத்தவர் சந்தைக்குப் போனாள். அந்தக் கிழமை முழுக்க நடக்கும் சந்தை. பந்தல் பந்தலாக விளையாட்டுச் சாமான், வறுத்த கடலை, சீனிப் பொம்மை. ஒரு சீனிக் குதிரைவீரன், ஒரு பென்சில் பெட்டி, கம்பளிக் கையுறை ஒரு சோடி. தலையோடு இருக்கிற குதிரையாகப் பார்த்து வாங்கினாள்.

அடுத்தநாள் பின்னேரம் சாரங்கா றொனி வீட்டுக்குப் போயிருந்தபோது மேசையில் இருந்து துண்டுகள் எழுதினாள். குதிரைக்கு 'அம்மப்பா'. வலைஞர்மடத்தில் தண்ணி எடுக்கப் போனபோது ஷெல் பட்டவர். பென்சில் பெட்டிக்கு 'தனுசன் மாமா'. அவளுடைய தம்பி. பதினேழு வயது, கணக்கில் புலி, அவனை அவளே பங்கருக்குப் பக்கத்தில் புதைத்தாள். கையுறைக்கு 'இராசம்மா பெரியம்மா'. முகாமில் காய்ச்சல் வந்து, குளிருது குளிருது என்று சொல்லிச் செத்தவள். இந்த மூன்று பேரையும் ஒன்றாக வைத்து அவள் இதுவரை நினைத்ததே இல்லை. நினைத்தால் தாங்காது என்று நினைத்தவளைப் போல ஏழு வருடம் ஓடித் திரிந்தாள். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சாமானைக் கையில் கொடுத்ததும் அழுகை வந்தது, அதோடு சின்னச் சந்தோஷமும் வந்தது. வெட்கப்படாமல் இரண்டையும் அனுபவித்தாள். நாலாவது துண்டு வெறுமையாக இருந்தது. அதைக் கசக்கி எறிந்தாள்.

குலேந்திரனுக்கு ஐந்து தரம் போன் எடுத்தாள். திருநாள் லீவு, ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடை நிரம்பி வழியும், அவர் குசினிக்குள் நிற்கும்போது போன் அலுமாரியில் கிடக்கும். பதில் இல்லை. பிள்ளை நித்திரையானபின் சாமான்களை அரிசி வாளிக்குள்ளும், சப்பாத்துத் தட்டிலும், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னாலும் ஒளித்தாள். மகள் சொன்ன சொல் தவறாமல் திருவலையையும் ஒளித்தாள்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கதவில் மெல்லத் தட்டிக் கேட்டது. திறந்தாள். குலேந்திரன் மூன்று மாடி சுமந்து ஏற்றிய மூச்சோடு நின்றார். பக்கத்தில் ஒரு சிவப்புச் சைக்கிள். மணி, கூடை, எல்லாம் இருந்தது. ஹான்டிலில் ரிப்பனால் கட்டிய அட்டையில் தமிழில் எழுதியிருந்தது: 'சாரங்காவுக்கு, அப்பா.'

நிசாந்தி வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணை, அந்த மட்டையைக் கழட்டுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை கதைச்சனாங்கள்தானே?"

"நீங்கள் கதைச்சனீங்கள். நான் கதைக்கேல்லை. அது என்ரை பிழை. இப்ப கதைக்கிறன்." அட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். "அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"காணேல்லை."

"கண்ட ஆரையும் கண்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எழுதாதேங்கோ. பேப்பருக்கு நான் வேணுமெண்டால் உரோமாபுரி எம்பசிக்கு நடந்து போறன். பிள்ளையின்ரை கையிலை அவரைச் சாகக் குடுக்கமாட்டன்."

குலேந்திரன் படியில் இருந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர், மீன் வெட்டித் தழும்பேறிய கைகளால் முகத்தைத் தேய்த்தார். "நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை அவனுக்குப் பதினாறு வயது. என்ரை சைக்கிளைத் தாங்கோ அண்ணை எண்டு கேட்டவன். வித்துப்போட்டு வந்திட்டன். அவன் இல்லையெண்டு ஒரு முடிவு தெரிஞ்சால் எனக்கு நித்திரையாவது வரும், பிள்ளை. எனக்காகத்தான் கேட்டன்போலை."

நிசாந்திக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது. ஏழு வருடமாகத் தான் ஒருத்திதான் காத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கதவு திறந்தது. சாரங்கா வெறுங்காலோடு நின்றாள். சிவப்புச் சைக்கிளைக் கண்டாள். கண் விரிந்தது, கை நீளவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"ஆர் கொண்டுவந்தது?" என்று கேட்டாள்.

அட்டை இன்னும் ஹான்டிலில்தான் இருந்தது, எழுத்துப் பக்கம் குலேந்திரனைப் பார்த்தபடி. அவர் எழும்பினார். ரிப்பனை அவிழ்த்து அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அவசரப்படவில்லை.

"உன்ரை அப்பப்பா" என்றார். "என்ரை அப்பா. தபால்காரன். உயிரோடை இருக்கேக்கை முழுக்கச் சைக்கிளிலைதான் திரிஞ்சவர்."

"இதிலை ஓடியோ வந்தவர்?"

"ஓம்."

"கடலுக்கு மேலாலையோ?"

"அவருக்குத் தெரியாத பாதையே!" என்றார் குலேந்திரன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

சாரங்கா தலையை ஆட்டினாள். ஆனாலும் சைக்கிளைத் தொடவில்லை. உள்ளே ஓடினாள். சப்பாத்துத் தட்டில் கையுறை கிடைத்தது. அரிசி வாளிக்குள் பென்சில் பெட்டி கிடைத்தது. மெஷினுக்குப் பின்னால் குதிரைவீரன், தலையோடு. ஒவ்வொரு துண்டையும் உரக்க வாசித்தாள். ஆர் அவர், எப்படிப்பட்டவர் என்று கேட்டாள், நிசாந்தி சொன்னாள். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, திரும்பத் தேடத் தொடங்கினாள்.

கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். தலையணை உறைக்குள் கைவிட்டாள். மாப்பேணியைத் திறந்தாள். சாமிப்படத்துக்குப் பின்னால், யன்னல் சீலைக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்குள்.

"முடிஞ்சுது அம்மா, நாலுதான்" என்றாள் நிசாந்தி.

"பொறுங்கோ, வடிவாப் பாக்கவேணும்."

குசினிக் கடைசித் தட்டில், பழைய துணிக்கு அடியில் கைவிட்டபோது திருவலை அகப்பட்டது. அதைத் திரும்ப மூடி வைத்தாள். பிறகு நடுவீட்டில் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்க்காத இடம் இனி இல்லை.

"அப்பா ஒண்டும் கொண்டுவரேல்லை" என்றாள்.

நிசாந்தி ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பிள்ளையின் முகம் ஆறுதல் கேட்கிற முகமாக இல்லை. காதுக்குக் காது சிரித்துக்கொண்டு நின்றது. "ஒண்டுமே இல்லை, அம்மா! எல்லா இடமும் பாத்திட்டன்!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறி, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி மணியை அடித்தாள்.

குலேந்திரன் மேசையில் கிடந்த கடித உறையை எடுத்துச் சட்டைப் பையில் அட்டையோடு சேர்த்து வைத்தார்.

"நாளைக்குப் பாஸ்போட் பேப்பர் எழுதிக் குடுக்கிற கந்தோரிலை கேட்டுப்பாக்கிறன்" என்றார். "வேற வழி இருக்கும்." பிறகு, சைக்கிளைக் கீழே இறக்க வேண்டுமே என்று முனகிக்கொண்டு படிக்குப் போனார்.